எஞ்சின் கிடைக்காத இரண்டு கதைகள்

போகி அன்று காலை பண்டசோழநல்லூரில் என் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மாட்டுக்கொட்டகை வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் என் அண்ணி. மறுபக்கம் அண்ணன் மகன். நடுவில் பழைய இரும்பு வாங்குகிறவர், தராசைக் கையில் வைத்துக்கொண்டு யார் ஜெயித்தாலும் சரி என்பதுபோல நின்றிருந்தார்.

சண்டைக்குக் காரணம் கொட்டகையின் மூலையில் 25 வருஷத்துக்கும் மேலாகக் கிடக்கும் ஒரு இரும்புக் கூடு. ஆங்கிள் அடித்த சட்டம், இரண்டு உருளை, லாரி டயரை வெட்டிப் பொருத்திய ரப்பர் பட்டைகள். அதன் மேல் கோழி அடைகாத்திருக்கிறது, மாட்டுக் கயிறு தொங்கியிருக்கிறது, நானே ஒரு தடவை புடவை காயப்போட்டிருக்கிறேன். அண்ணன் 1998-ல் செய்த கரும்பு சோகை உரிக்கும் மெஷின் அது. அண்ணன் போய் 4 வருஷம் ஆகிறது. மெஷின் மட்டும் இருக்கிறது.

"எடைக்குப் போட்டுட்டு அந்த இடத்துல கன்னுக்குட்டியைக் கட்டலாம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறான்" என்றார் அண்ணி.

"அப்பா செஞ்சது, அத்தை. எப்படி எடைக்குப் போடறது?" என்றான் அவன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன்.

அண்ணி அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க அண்ணன் செஞ்சது சரி. அதுல என் அஞ்சு பவுன் சங்கிலி மூழ்கிப்போச்சு. அதையும் சேர்த்து எடை போடச் சொல்லு."

நான் யாருக்கு என்று பேசுவது? கைப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பிரான்ஸில் இருக்கும் என் சித்தி மகன் அனுப்பியிருந்தான். புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களில் பிரான்ஸில் ஒரு சொந்தம் இல்லாத வீடு குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். லீவுக்கு ஜெர்மனி போனவன், மியூனிக் நகருக்கு அருகே ஒரு விமான அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறான். படத்தில் ஈட்டி முனைபோல மூக்கு நீண்ட சின்ன விமானம் ஒன்று. கீழே எழுதியிருந்தான்: "அக்கா, இது சண்டைக்கே போகாத சண்டை விமானமாம். முதல்ல ஓட்டினது நம்ம இந்தியாக்காரராம். உன் பத்திக்கு ஆகுமா பார்."

ஆகாமல் என்ன? அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்ததே அதுதான்.

மூன்று நாடு சுற்றிய விமானம்

அந்த விமானத்தின் பெயர் ஹெச்.ஏ.-300. வடிவமைத்தவர் வில்லி மெஸ்ஸெர்ஷ்மிட். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் விமானப்படைக்குச் சண்டை விமானங்கள் செய்து கொடுத்த அதே மெஸ்ஸெர்ஷ்மிட்தான். போர் முடிந்தபின் ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை. கை சும்மா இருக்குமா? ஸ்பெயினுக்குப் போனார். அங்கே ஹிஸ்பானோ அவியாசியோன் என்ற நிறுவனத்துக்காக ஒலியைவிட வேகமாகப் பறக்கும், எடை குறைந்த, விலை குறைந்த ஒரு சண்டை விமானத்தை வரைந்தார். நிறுவனத்தின் பெயரில் உள்ள முதல் எழுத்துகள்தான் ஹெச்.ஏ.

நீளம் 12.4 மீட்டர். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 6 மீட்டர்கூடக் கிடையாது. நம் ஊர் வீட்டு வாசலில் போடுகிற பொங்கல் பந்தலுக்குள் அடங்கிவிடும். 1959-ல் எஞ்சின் இல்லாத மாதிரி ஒன்றைச் செய்து, வேறு விமானத்தால் இழுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். காற்றில் தடுமாறியது. பணமும் கைகடித்தது. 1960-ல் ஸ்பெயின் இந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டது.

அப்போது எகிப்தில் அதிபர் நாசர். தன் நாட்டுக்குத் தானே விமானமும் எஞ்சினும் செய்துகொள்ள வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். விமானத் திட்டம் கெய்ரோவுக்குத் தெற்கே உள்ள ஹெல்வான் நகருக்குப் போனது. ஒரு தொழிற்சாலையில் விமானத்தின் உடல். இன்னொன்றில் எஞ்சின். ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் பொறியாளர்கள் வந்து குவிந்தார்கள்.

எஞ்சின் வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஆஸ்திரியாவின் பெர்டினாண்ட் பிராண்ட்னர். இவர் கதையே ஒரு நாவல். போர் முடிவில் சோவியத் படையிடம் பிடிபட்டு, கைதியாக இருந்தபடியே அவர்களுக்காக ஒரு ராட்சத எஞ்சின் செய்வதில் முன்னால் நின்றவர். அதுதான் பின்னாளில் என்.கே.-12 என்று பெயர் பெற்றது. அரக்கோணம் பக்கத்து வாசகர்கள் இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளலாம். அங்குள்ள கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து 1992 முதல் 2017 வரை பறந்த டி.யூ.-142 விமானங்களில் உறுமியது அந்த எஞ்சின்தான். எங்கோ ரஷ்யாவில் ஒரு கைதி போட்ட கோடு, நம் அரக்கோணத்து ஜன்னல் கண்ணாடியை 25 வருஷம் அதிரவைத்திருக்கிறது!

ஜாதகம் பார்த்த இரண்டு நாடுகள்

சரி, இந்தியா எங்கே வந்தது என்று கேட்பீர்கள்.

அதே காலத்தில் பெங்களூரில் நம்முடைய முதல் ஜெட் சண்டை விமானம் உருவாகிக்கொண்டிருந்தது. பெயர் மாருத். வடிவமைப்புக்குத் தலைமை தாங்க 1956-ல் ஜெர்மனியின் கர்ட் டாங்க் வந்தார். அவருக்குத் தமிழ்நாட்டோடும் ஒரு ஒட்டு உண்டு. அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது அங்கே பாடம் நடத்திய கர்ட் டாங்க், பிறகு பெங்களூர் போய் மாருத் வேலையில் இறங்கியதைக் கலாம் தன் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1961 ஜூன் 17-ல் மாருத் முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். பார்க்க அத்தனை அழகு. இன்றைக்கும் படத்தைப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்றுதான் போவார்கள். உடம்பு, ஒலியைவிட வேகமாகப் போகும்படி வரைந்த உடம்பு. ஆனால் அதற்கேற்ற எஞ்சின் இல்லை.

இருக்கவேண்டிய எஞ்சின் பிரிட்டனில் உருவாகிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் வகையின் பெரிய அண்ணன். பிரிட்டன் பாதியில் கைவிட்டது. வளர்த்து முடிக்க இந்தியா பணம் கொடுத்தால் செய்து தருகிறோம் என்றார்கள். டெல்லி தயங்கியது, அந்த வாய்ப்பு போனது. கையில் இருந்தது ஆர்ஃபியஸ் 703 என்ற தம்பி. ஒன்றின் உந்துவிசை சுமார் 2,200 கிலோ. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி ஒப்பேற்றினார்கள்.

ஜெட் எஞ்சினில் 'ஆஃப்டர்பர்னர்' என்று ஒன்று உண்டு. விறகடுப்பு ஊதிய அம்மாக்களுக்கு இது சட்டென்று புரியும். அடுப்பில் எரிந்து வெளியே போகிற சூடான புகையில் இன்னும் எரியாத காற்று மிச்சம் இருக்கும். அதன்மேல் மறுபடி எரிபொருளைத் தெளித்துப் பற்றவைத்தால், போகிற வேகத்தில் இன்னொரு உதை கிடைக்கும். அந்த உதைதான் விமானத்தை ஒலியின் வேகத்தைத் தாண்ட வைக்கிறது. மாருத்தின் தம்பி எஞ்சினில் அது இல்லை.

இப்போது பாருங்கள். எகிப்திடம் ஒரு புது எஞ்சின் உருவாகிறது. பிராண்ட்னரின் இ-300. ஆஃப்டர்பர்னரோடு சுமார் 4,800 கிலோ உந்துவிசை தரும் என்பது கணக்கு. ஆனால் அதை வானத்தில் கட்டிப் பறந்து சோதிக்க விமானம் வேண்டும். இந்தியாவிடம் விமானம் இருக்கிறது, எஞ்சின் வேண்டும். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் இதைவிடப் பொருத்தம் எந்த ஜோசியர் பார்த்துச் சொல்வார்? நேருவும் நாசரும் நண்பர்கள் வேறு. எஞ்சின் செலவில் இந்தியாவும் பங்கேற்றது. ஒரு மாருத் விமானம் எகிப்துக்குப் போனது. சோதனை விமானியாக நம் விமானப்படையின் கபில் பார்கவா போனார்.

1964 மார்ச் 7. ஹெல்வான் ஓடுபாதையிலிருந்து ஹெச்.ஏ.-300 முதன்முறையாக மேலே எழும்பியது. உள்ளே இருந்தவர் பார்கவா. வரைந்தவர் ஜெர்மன்காரர், பிறந்த இடம் ஸ்பெயின், வளர்த்தது எகிப்து, பறக்கவிட்டவர் இந்தியர். அதில் அப்போது பொருத்தியிருந்ததும் அதே ஆர்ஃபியஸ் 703 தம்பிதான். இ-300 இன்னும் மேஜைமேல் சோதனையில் இருந்தது. இரண்டாவது விமானம் 1965 ஜூலையில் பறந்தது. அதிலும் தம்பிதான். அந்தச் சின்ன எஞ்சினோடேயே ஒலியின் வேகத்தைவிட 13 சதவீதம் கூடுதலாக, அதாவது மாக் 1.13 வரை, பறந்து காட்டியது. இ-300 வந்துவிட்டால் ஒலியைப்போல இரு மடங்கு வேகம் என்பது கனவு.

சும்மா சொல்லக்கூடாது, உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது. வானத்தில் மட்டும் இல்லை. எகிப்தின் ராக்கெட் திட்டத்தில் வேலை செய்த வெளிநாட்டவரைக் குறிவைத்து 1962-ல் பார்சலில் வெடிகுண்டுகள் வந்தன. ஆட்கள் செத்தார்கள். தபாலைப் பிரிக்கவே பயந்த காலத்தில், பக்கத்துத் தொழிற்சாலையில் இந்த விமானம் உருவானது.

எஞ்சின் வந்தது, காலம் போனது

1967 மார்ச்சில் ஒருவழியாக இ-300 வானத்தைப் பார்த்தது. எகிப்துக்குப் போன மாருத்தில் ஒரு பக்கம் பழைய ஆர்ஃபியஸ், மறுபக்கம் புது இ-300. புது எஞ்சின் மக்கர் செய்தாலும் பழையதை வைத்து இறங்கிவிடலாம் என்ற ஏற்பாடு. நம் வீட்டுப் பெரியவர்கள் புது அடுப்பு வாங்கினாலும் பழையதைப் பரணில் போடாமல் வைத்திருப்பார்களே, அந்தப் புத்திதான்.

மூன்றே மாதம். ஜூன் 5 காலையில் இஸ்ரேல் தாக்கியது. எகிப்து விமானப்படையின் பெரும்பகுதி தரையில் நின்றபடியே அழிந்தது. ஆறு நாளில் போர் முடிந்தது.

தோற்ற நாட்டுக்கு அன்றைக்கே விமானம் வேண்டும். வருங்காலத்தில் வரப்போகிற விமானத்தை வைத்து என்ன செய்வது? சோவியத் நாடு மிக்-21 விமானங்களை அள்ளிக் கொடுக்கத் தயாராக இருந்தது. இந்தியாவும் 1962-லேயே மிக்-21 வாங்க முடிவு செய்திருந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் பெண் வீட்டிலும் வேறு சம்பந்தம் கூடிவந்த கதை. 1969 மே மாதம் எகிப்து இந்தத் திட்டத்தை மூடியது. இ-300 பொருத்தவேண்டிய மூன்றாவது விமானம் பறக்கவே இல்லை. செலவு 13.5 கோடி எகிப்திய பவுண்டு என்று சொல்கிறார்கள்.

நம் மாருத்தும் எஞ்சினுக்காகவே கடைசிவரை ஏங்கியது. ஆர்ஃபியஸ் தம்பியிலேயே ஆஃப்டர்பர்னர் பொருத்திப் பார்த்தார்கள். 1970 ஜனவரி 10-ல் அப்படி ஒரு சோதனை விமானம் பெங்களூரில் மேலே எழும்பிய சற்று நேரத்தில் விழுந்தது. ஓட்டிய சுரஞ்சன் தாஸ் இறந்துபோனார். மாருத்தை முதன்முதலில் பறக்கவைத்த அதே கை. பெங்களூரில் ஹெச்.ஏ.எல். பக்கம் போகிறவர்கள் 'சுரஞ்சன் தாஸ் ரோடு' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அந்தச் சிக்னலில் நிற்கும்போது ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். மாருத் தோற்ற விமானம் இல்லை. 147 செய்தார்கள். 1971 டிசம்பர்ப் போரில் ராஜஸ்தான் எல்லையில் தாழப் பறந்து தாக்கி நல்ல பேர் வாங்கியது. 1980-களின் நடுவில் ஓய்வு பெற்றது. வரைந்த வேகத்தை மட்டும் அது கடைசிவரை தொடவில்லை. எகிப்தின் தங்கைக்கு அந்த அளவு யோகம்கூட இல்லை.

அதற்கும் முன்னால், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, இந்தியாவில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1940-ல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கிய கையோடு, வி.எம். காட்கே என்ற நம் பொறியாளர் 10 பேர் உட்காரும் எஞ்சினில்லா விமானம் ஒன்றை வடிவமைத்தார். படைவீரர்களை ஏற்றி இழுத்துப்போய் இறக்கிவிட நினைத்தது. ஒன்றே ஒன்று செய்தார்கள். அதுவும் படைக்குப் போகவில்லை. ஆனால் அந்தக் காட்கேதான் பிறகு ஹெச்.டி.-2 பயிற்சி விமானத்தைச் செய்தார். 1951-ல் பறந்த அதில் ஏறித்தான் நம் விமானிகளில் ஒரு தலைமுறையே பறக்கப் பழகியது.

அண்ணனின் கணக்கு

இத்தனையும் படித்துவிட்டு நான் கொட்டகைப் பக்கம் திரும்பினால், அண்ணன் கண்முன்னால் வந்து நிற்கிறார்.

எங்கள் அம்மா கரும்புக் கொல்லையில் சோகை உரிப்பார். செய்தவர்களுக்குத்தான் தெரியும். காய்ந்த சோகையின் ஓரம் ரம்பம் மாதிரி. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாகக் கிழித்திருக்கும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணனுக்கு அந்த யோசனை. இரண்டு உருளை கரும்பை உள்ளே இழுக்கும். நடுவில் ரப்பர் பட்டைகள் சுழன்று அடித்துச் சோகையைத் தள்ளும். பகலில் வெல்டிங் பட்டறை வேலை, ராத்திரியில் இது.

உடம்பு தயாரானது. எஞ்சின்? வீட்டில் கிணற்று இறைப்புக்கு வைத்திருந்த 5 ஹெச்.பி. ஆயில் எஞ்சின் சும்மா கிடந்தது. அதை மாட்டினார். ஒரு கரும்பு விட்டால் உரிக்கிறது. இரண்டு சேர்ந்து போனால் மூச்சுத் திணறி நிற்கிறது. பட்டையைக் குறைத்துப் பார்த்தார். உருளையைச் சின்னதாக்கிப் பார்த்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. 12 ஹெச்.பி. டீசல் எஞ்சின் இருந்தால் ஓடும் என்று முடிவு செய்தபோதுதான் அண்ணியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. 12,000 ரூபாய். வெளியூரில் பழைய எஞ்சின் ஒன்று வாங்கி வந்தார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் கிராங்க் உடைந்தது. விற்றவர் கைவிரித்துவிட்டார். அதற்கு அடுத்த போகத்தில் மழை பெய்து கொல்லையில் தண்ணீர் நின்றது, கரும்புப் பணமும் நேரத்துக்கு வரவில்லை. வட்டி ஏறி சங்கிலி மூழ்கியது.

அண்ணி ஒரு தடவைகூட வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்கு மஞ்சள் கயிற்றோடு வருவார். யாராவது கேட்டால் "கழுத்து அரிக்குது" என்பார். எங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

ஹெச்.ஏ.-300 பற்றி எழுதுகிறவர்கள் நாசரைப் பற்றி எழுதுகிறார்கள், மெஸ்ஸெர்ஷ்மிட்டைப் பற்றி எழுதுகிறார்கள். அந்த 13.5 கோடி பவுண்டு எந்த வயலில் விளைந்த பருத்தியை விற்று வந்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு. பெரிய கனவுகளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் மஞ்சள் கயிற்றோடு நிற்கிறார். அதற்காகக் கனவே காணக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவின் கை கிழிந்தது பொய் இல்லையே. யார் பணம் கொடுத்தார் என்பதையும் கணக்கில் எழுதுங்கள் என்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கம்

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்தபின் அண்ணன் மகன் பரணிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தான். கோடு போடாத 80 பக்க நோட்டு, அட்டை கறையான் அரித்தது. உள்ளே பென்சிலில் படங்கள். ஒவ்வொரு தடவை ஓட்டிப் பார்த்த தேதி, எத்தனை கரும்பு, எங்கே நின்றது, ஏன் நின்றது. "ரெண்டு உருளைக்கும் நடுவுல இடைவெளி கூட வேணும்" என்று ஓரிடத்தில். "எஞ்சின் முதல்ல பார்த்துட்டு அப்புறம் சட்டம் செஞ்சிருக்கணும்" என்று இன்னோரிடத்தில், அடிக்கோடு போட்டு.

நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். பெங்களூரில் மாருத் வேலையில் இருந்தவர்களுக்கும் இதே வரிதானே? இன்றைக்கும் தேஜஸ் விமானத்துக்கு அமெரிக்க எஞ்சின்தான். நாமே செய்ய 1989-ல் தொடங்கிய காவிரி எஞ்சின் தேஜஸுக்குப் போதவில்லை என்று 2008-ல் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து எஞ்சின் வரத் தாமதமானதால் புதிய தேஜஸ் விமானங்கள் காத்துக்கிடந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அன்று இரண்டு நாடுகளுக்கும் குறுக்கே வந்த மிக்-21 கூடக் கடந்த 2025 செப்டம்பர் 26-ல் நம் விமானப்படையிலிருந்து விடைபெற்றுவிட்டது. எஞ்சின் கவலை மட்டும் இன்னும் வயசாகாமல் இருக்கிறது.

அவன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தான். கடைசிப் பக்கத்தில் செலவுக் கணக்கு. ஆங்கிள், பேரிங், வெல்டிங் ராடு, பழைய எஞ்சின், லாரி வாடகை. எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ஒரு வரி. சத்தமாகப் படித்துவிட்டான்:

"வீட்டு நகை 5 பவுன். திருப்பித் தரணும்."

அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார். ஈரக் கையோடு வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கவரும். அந்த ஒரு வரியை நேரம் எடுத்துப் படித்தார்.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஜெர்மனியில் அந்த விமானம் எப்படி வந்தது என்று சொல்லவில்லையே. 20 வருஷத்துக்கும் மேலாக எகிப்தில் கிடந்து, 1991-ல் ஜெர்மன் விமான நிறுவனம் ஒன்று வாங்கிக் கொண்டுபோனது. ஐந்தரை ஆண்டுகள் உட்கார்ந்து பழுதுபார்த்து, பெயின்ட் அடித்து, மியூனிக் அருகே ஓபர்ஷ்லைஸ்ஹைமில் உள்ள டாய்ச்சஸ் மியூசியத்தின் விமானப் பிரிவில் நிறுத்தியிருக்கிறார்கள். அதே இடத்தில் நம் மாருத் ஒன்றும் இருக்கிறது. சேர வேண்டியவர்கள் வானத்தில் சேராமல் ஒரு கூரைக்கு அடியில் சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த வசதி எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு இல்லை. கன்றுக்குட்டிக்கு இடம் வேண்டும் என்று அண்ணி சொன்னதும் நியாயம்தான். பழைய இரும்புக்காரர் மறுபடி வந்தார். சட்டம் 152 கிலோ. கிலோ 31 ரூபாய். 4,712 ரூபாயை அண்ணி எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "இது என் சங்கிலிக் கணக்குல வரவு" என்றார் மகனிடம். "பாக்கியை நீ எழுதிக்கோ."

அவன் சிரித்தான். ஆனால் உண்மையாகவே எழுதிக்கொண்டான். அண்ணன் எழுதிய வரிக்குக் கீழே, தேதி போட்டு, "வரவு 4,712" என்று. இரண்டு உருளைகளை மட்டும் எடைக்குப் போடவில்லை. நோட்டும் அவனிடம்தான் இருக்கிறது. இப்போது கிடைக்கிற எஞ்சினின் பலத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவானாம். செய்வானா, மாட்டானா, தெரியாது. செய்தால் யார் நகையும் அடகுக்குப் போகக்கூடாது என்று அத்தை என்ற முறையில் சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் கொட்டகையிலும் இப்படி ஏதாவது ஓடாத மெஷின் கிடக்கும். இடம் வேண்டுமென்றால் எடைக்குப் போடுங்கள், தப்பே இல்லை. போடுவதற்கு முன்னால் செய்தவர் ஏதாவது எழுதிவைத்திருக்கிறாரா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். எழுதவில்லை என்றால், அவர் இன்னும் உங்களோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கே நின்றது, ஏன் நின்றது, யார் பணம் போட்டது என்று.

மாட்டுப் பொங்கலன்று கன்றுக்குட்டியை அந்த மூலையில் கட்டிவிட்டோம். கொம்பு இன்னும் முளைக்கவில்லை, நெற்றியில் மட்டும் மஞ்சள் குங்குமம் வைத்தார் அண்ணி.